வாட்டர் பம்பைக் கழற்றிப் பார்ப்போம், வா!

"மாமா, பெட்ரோல் போட்டால் கார் ஓடுகிறது. சரி. அப்புறம் எதற்காக பானட்டைத் திறந்து தண்ணீர் வேறு ஊற்றுகிறார்கள்?"

அடடா, எவ்வளவு நல்ல கேள்வி! காரின் நிறத்தைப் பார்ப்பவர்கள் உண்டு. வேகத்தைப் பார்ப்பவர்கள் உண்டு. நீ மூடியைத் திறந்து உள்ளே பார்த்திருக்கிறாய். அதுவும், தண்ணீருக்கு அங்கே என்ன வேலை என்று யோசித்திருக்கிறாய். உட்கார் கண்ணு, பொறுமையாகப் பேசலாம். பேசி முடித்ததும் பழைய அம்பாசிடர் கார் ஒன்றில் வாட்டர் பம்பை எப்படி மாற்றுகிறார்கள் என்று பக்கத்தில் நின்று பார்ப்போம்.

முதலில் ஒரு கணக்கு. நோட்டை எடு.

என்ஜினுக்குள் சிலிண்டர் என்று உருளை வடிவ அறைகள் இருக்கின்றன. அம்பாசிடரில் நான்கு. ஒவ்வோர் அறையிலும் பெட்ரோலும் காற்றும் கலந்து குபீரென்று எரியும். என்ஜின் நிமிடத்துக்கு 3000 முறை சுற்றுகிறது என்று வைத்துக்கொள். இரண்டு சுற்றுக்கு ஒரு தடவைதான் ஓர் அறையில் தீப்பிடிக்கும். அப்படியானால் ஓர் அறைக்கு நிமிடத்துக்கு 1500 தடவை. நான்கு அறைக்கும் சேர்த்து 6000. அதை 60-ஆல் வகுத்துப் பார். என்ன வந்தது?

100! ஒரு நொடிக்கு நூறு முறை தீ.

எரியும் அந்தக் கணத்தில் உள்ளே இருக்கும் வாயுவின் வெப்பம் 2000 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிடும். இரும்பு 1538 டிகிரியில் உருகும். அலுமினியம் 660 டிகிரியிலேயே உருகிவிடும். அப்படியானால் என்ஜின் ஏன் உருகி ஓடவில்லை? ஒரு காரணம், ஒவ்வொரு தீயும் கண்மூடித் திறப்பதற்குள் அணைந்து, குளிர்ந்த புதுக் காற்று உள்ளே வந்துவிடுகிறது. ஆனால் அது மட்டும் போதாது. பெட்ரோல் தரும் சக்தியில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவானதுதான் சக்கரத்தைச் சுற்றுகிறது. இன்னொரு பங்கு புகைக்குழாய் வழியாகச் சூடாக வெளியேறுகிறது. மிச்சத்தில் பெரும்பகுதி என்ஜினின் உலோகத்தில் இறங்கிவிடுகிறது. அதை யாராவது அள்ளிக்கொண்டு வெளியே போக வேண்டும், இல்லையா?

அந்த வேலைதான் தண்ணீருக்கு.

ஏன் தண்ணீர்? ஒரு கிலோ இரும்பை ஒரு டிகிரி சூடாக்க ஏறக்குறைய 450 ஜூல் வெப்பம் போதும். ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க ஏறக்குறைய 4200 ஜூல் வேண்டும். ஒன்பது மடங்குக்கும் மேல்! நிறைய வெப்பத்தை வாங்கிக்கொண்டும் கொஞ்சமாகத்தான் சூடாகும். அதோடு எந்தச் சந்துபொந்திலும் நுழைந்து வரும். அதனால்தான் சிலிண்டர்களைச் சுற்றி உலோகத்துக்குள்ளேயே வாய்க்கால் போல வழி விட்டிருக்கிறார்கள். அதில் தண்ணீர் ஓடுகிறது.

இதுவரை புரிந்ததா? புரியாவிட்டால் அந்த ஒன்பது மடங்குக் கணக்கை இன்னொரு முறை படி. அது தெரிந்தால் மீதி எல்லாம் தெரியும்.

இப்போது ஒரு பயணக் கதை. ஜெர்மனியில் கார்ல் பென்ஸ் என்பவர் மூன்று சக்கர மோட்டார் வண்டி ஒன்றைச் செய்து 1886-இல் காப்புரிமை பெற்றார். 1888 ஆகஸ்டில் அவருடைய மனைவி பெர்த்தா, 15 வயது ஓய்கனையும் 13 வயது ரிச்சர்டையும் அழைத்துக்கொண்டு அந்த மாதிரி வண்டியில் கிளம்பிவிட்டார். மன்ஹைம் நகரத்திலிருந்து போர்ட்ஸ்ஹைம் வரை, நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல். கணவரிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை. பெட்ரோல் பங்க் என்ற ஒன்றே உலகத்தில் இல்லாத காலம். வழியில் வீஸ்லோக் என்ற ஊரில் மருந்துக் கடையில் எரிபொருள் வாங்கினார். அடைத்துக்கொண்ட எரிபொருள் குழாயைத் தொப்பி ஊசியால் குத்திச் சரிசெய்தார். உன் வயதை ஒட்டிய இரண்டு பிள்ளைகள் அந்தப் பயணத்தில் கூடவே இருந்தார்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சந்தோஷமாக இருக்கும்.

அந்த வண்டியிலும் தண்ணீர்தான் என்ஜினைக் குளிர்வித்தது. ஆனால் சூடான தண்ணீர் அப்படியே கொதித்து ஆவியாகிப் போய்விடும். அதனால் வழி நெடுக, தண்ணீர் கிடைத்த இடத்தில் எல்லாம் நிறுத்தி நிறுத்தி ஊற்ற வேண்டியிருந்தது.

ஊற்றிய தண்ணீரே திரும்பத் திரும்பப் பயன்பட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும்! சூட்டை வாங்கிய தண்ணீரை வேறோர் இடத்துக்கு அனுப்பு. அங்கே காற்றில் ஆறவை. ஆறியதும் திரும்ப என்ஜினுக்கே அழைத்து வா. அந்த ஆறவைக்கும் இடம்தான் ரேடியேட்டர். காரின் முகப்புச் சல்லடைக்குப் பின்னால் நிற்கிறதே, மெல்லிய குழாய்களும் தகடுகளுமாக, அதுதான். 1900-இல் வில்ஹெல்ம் மைபாக் என்ற பொறியாளர் மெர்சிடிஸ் காருக்குச் செய்த ரேடியேட்டரில் 8070 சின்னக் குழாய்கள் இருந்தன! இத்தனை எதற்கு? காற்று படும் பரப்பு கூடக் கூடத் தண்ணீர் சீக்கிரம் ஆறும். அதற்குத்தான்.

சரி, தண்ணீரை என்ஜினுக்கும் ரேடியேட்டருக்கும் இடையே ஓட்டுவது யார்?

ஃபோர்டு கம்பெனி 1908-இல் மாடல் டி என்ற காரை வெளியிட்டது. முதலில் வந்த ஏறக்குறைய 2500 கார்களில் வாட்டர் பம்பு இருந்தது. அதற்குப் பிறகு பம்பையே எடுத்துவிட்டார்கள்! பம்பு இல்லாமல் கோடிக்கும் மேற்பட்ட கார்கள் ஓடின. எப்படி? சூடான தண்ணீர் லேசாகி மேலே ஏறும். ஆறிய தண்ணீர் கனமாகிக் கீழே இறங்கும். ரேடியேட்டரை உயரமாக வைத்தால் தண்ணீர் தானாகவே மெதுவாகச் சுற்றிவரும். அழகான யோசனை. ஆனால் "மெதுவாக" என்றேனே, அங்கேதான் சிக்கல். என்ஜின்களின் பலம் கூடியது. சூடும் கூடியது. தானாகச் சுற்றிவரும் தண்ணீர் போதவில்லை. பம்பு கட்டாயமாகிவிட்டது.

அந்தப் பம்பு எப்படி வேலை செய்கிறது என்று நீயே கண்டுபிடிக்கலாம். அடுக்களையில் இருந்து அகலமான ஒரு பாத்திரம் எடு. பாதி அளவு தண்ணீர் ஊற்று. கரண்டியால் ஒரே பக்கமாக வேகமாகச் சுற்று. இப்போது கரண்டியை எடுத்துவிட்டுப் பார். நடுவில் தண்ணீர் பள்ளமாக இறங்கியிருக்கும். ஓரத்தில் மேலே ஏறியிருக்கும். சுழல்கிற தண்ணீர் வெளிப்பக்கமாக ஓடப் பார்க்கிறது. பாத்திரத்தின் சுவர்தான் அதை நிறுத்தி வைத்திருக்கிறது.

அந்தச் சுவரில் ஒரு துளை இருந்தால்? தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு வெளியே போகும். நடுவில் விழுந்த பள்ளத்தை நிரப்பப் புதுத் தண்ணீர் ஒரு குழாய் வழியே வந்துகொண்டே இருந்தால்? அது பம்பு! வேறொன்றும் இல்லை. கரண்டிக்குப் பதிலாக இறக்கைகள் வைத்த ஒரு சக்கரம். அதை இம்பெல்லர் என்பார்கள். நடுவில் தண்ணீர் வரும், ஓரத்தில் வெளியேறும். கிணற்றுத் தண்ணீரைத் தொட்டிக்கு ஏற்றும் மோட்டார் பம்புகளில் பலவும் இதே வகைதான்.

இந்த வகைப் பம்பு ஒன்றை 1689-இலேயே செய்து விவரித்தவர் டெனி பாப்பான் என்ற பிரெஞ்சுக்காரர். அவர் பெயரை நினைவில் வைத்துக்கொள். இன்னும் சற்று நேரத்தில் அவர் திரும்ப வருவார்.

அம்பாசிடரில் தண்ணீர் போகும் பாதையை விரலால் தொடர்ந்து போகலாம். என்ஜின் ஆறியிருக்கும்போது மட்டும், சரியா? ரேடியேட்டரின் அடியில் ஒரு தடித்த ரப்பர் ஹோஸ். அது என்ஜினின் முன்பக்கம் இருக்கும் பம்புக்கு வருகிறது. பம்பு தண்ணீரை என்ஜினுக்குள் தள்ளுகிறது. தண்ணீர் சிலிண்டர்களைச் சுற்றிக்கொண்டு மேலே ஏறுகிறது. மேல் ஹோஸ் வழியாக ரேடியேட்டரின் தலைக்குப் போகிறது. அங்கிருந்து கீழே இறங்கும்போது ஆறுகிறது. மறுபடி அடி ஹோஸ்.

மேல் ஹோஸுக்குப் போகும் வாசலில் தெர்மோஸ்டாட் என்று ஒரு சின்னக் கதவு உண்டு. மணி அடிக்கும்வரை பள்ளிக்கூடத்துக் கேட்டைத் திறக்க மாட்டார்களே, அது போலத்தான். தண்ணீர் 80 டிகிரிக்கு மேல் சூடாகும்வரை இந்தக் கதவு திறக்காது. கதவுக்குள் ஒரு மெழுகு இருக்கிறது. சூட்டில் உருகி விரிந்து கதவைத் தள்ளும். ஆறினால் சுருங்கும், ஸ்பிரிங் கதவை மூடிவிடும். காலையில் குளிர்ந்து கிடக்கும் என்ஜின் சீக்கிரம் சூடாக வேண்டும், அதற்குத்தான் இந்த ஏற்பாடு. என்ஜினுக்கு அளவான சூடு பிடிக்கும், அதிகமான சூடுதான் ஆகாது.

அடுத்து ரேடியேட்டர் மூடி. இதைப் பற்றி நான் சொல்வதைக் கவனமாகக் கேள். கடல் மட்டத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். ஊட்டி ஏறக்குறைய 2240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அழுத்தம் குறைவு. அதனால் 93 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். அழுத்தம் குறைந்தால் சீக்கிரம் கொதிக்கும். அழுத்தம் கூடினால்? தாமதமாகக் கொதிக்கும். இறுக மூடிய பாத்திரத்தில் அழுத்தத்தை இரண்டு மடங்காக்கினால் தண்ணீர் 121 டிகிரிவரை கொதிக்காமல் நிற்கும். உங்கள் வீட்டுக் குக்கர் இதைத்தான் செய்கிறது. அந்தக் குக்கருக்கு முன்னோடியான பாத்திரத்தை 1679-இல் செய்து காட்டியவர் யார் தெரியுமா? அதே டெனி பாப்பான்! காரின் பம்பிலும் அவர் யோசனை, மூடியிலும் அவர் யோசனை. எனக்கு மிகவும் பிடித்த விஞ்ஞானிகளில் அவர் ஒருவர்.

ரேடியேட்டர் மூடிக்குள் ஒரு ஸ்பிரிங் இருக்கிறது. அது தண்ணீரை அழுத்தத்தோடு அடைத்து வைக்கிறது. 100 டிகிரிக்கு மேல் போனாலும் தண்ணீர் கொதிக்காமல் இருக்கும். இப்போது சொல், சூடாக இருக்கும்போது மூடியைத் திறந்தால் என்ன ஆகும்?

யோசி. நான் காத்திருக்கிறேன்.

சரியாகச் சொன்னாய். அழுத்தம் சட்டென்று போய்விடும். அதுவரை அடங்கியிருந்த தண்ணீர் அந்த நொடியே கொதித்துப் பொங்கி முகத்தில் அடிக்கும். அதனால், சூடான ரேடியேட்டர் மூடியில் நீ கை வைக்கவே கூடாது. பெரியவர்கள் வைக்கப் போனாலும் "ஆறட்டும்" என்று சொல்.

இனி பம்பு எப்படிப் பழுதாகிறது என்று பார்ப்போம். பம்பின் அச்சு ஒன்றுதான். அதன் ஒரு முனை தண்ணீருக்குள், இம்பெல்லரோடு. இன்னொரு முனை வெளியே, புல்லி என்ற சக்கரத்தோடு. என்ஜின் ஓட்டும் ஃபேன் பெல்ட் அந்தப் புல்லியைச் சுற்றுகிறது. அம்பாசிடரில் ரேடியேட்டர் வழியாகக் காற்றை இழுக்கும் காற்றாடியும் அதே புல்லியில்தான் மாட்டியிருக்கும். ஓயாமல் சுற்றும் ஓர் அச்சைச் சுற்றித் தண்ணீர் கசியாமல் அடைப்பது லேசான காரியமா? அதற்கு சீல் என்று ஒரு வளையம். ஒரு வளையம் இன்னொன்றின் மேல் உரசிக்கொண்டே சுற்றும். வருடக் கணக்கில் உரசினால் தேயாதா?

தேய்ந்ததும் தண்ணீர் கசியும். கசிந்த தண்ணீர், அச்சைத் தாங்கும் பேரிங்குக்குள் போனால் துருப்பிடித்து எல்லாம் கெட்டுவிடும். அதற்காகப் பம்பின் அடிப்பக்கம் ஒரு சின்னத் துளை விட்டிருக்கிறார்கள். கசிவது அதன் வழியே கீழே சொட்டும். இதைச் செய்தவர்களின் புத்தியை நான் மெச்சுகிறேன். பழுது வரும் என்று தெரிந்து, அது வரும்போது வெளியே தெரியும்படியும் செய்துவிட்டார்கள். ஆகவே காருக்கு அடியில், முன்பக்கம், ஈரமோ, பச்சை அல்லது சிவப்பு நிறச் சொட்டோ தெரிந்தால் வீட்டில் சொல். காற்றாடிப் பக்கம் கரகரவென்று சத்தம் வந்தாலும் சொல். அது பேரிங் தேய்ந்த சத்தமாக இருக்கலாம்.

இப்போது வேலை. அம்பாசிடரைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. மேற்கு வங்காளத்தின் உத்தர்பாராவில் 1950-களின் இறுதியில் தொடங்கி 2014 வரை செய்த கார் அது. அதன் பழைய பெட்ரோல் என்ஜினில் பம்பு முன்னாலேயே, கண்ணுக்கும் கைக்கும் எட்டும்படி இருக்கிறது. இன்றைய கார்கள் பலவற்றில் பம்பு உள்ளே ஒளிந்திருக்கும். சிலவற்றில் என்ஜினின் டைமிங் பெல்ட்டே அதைச் சுற்றும். அந்த பெல்ட்டைக் கழற்றி மாட்டும்போது ஒரு பல் தவறினாலும் என்ஜினே பாழாகலாம். அவற்றை மெக்கானிக்கிடம்தான் விட வேண்டும்.

ஸ்பானர் பிடிப்பது அப்பாவோ அம்மாவோ சித்தப்பாவோ. உனக்கும் முக்கியமான வேலைகள் இருக்கின்றன. சொல்கிறேன்.

கார் சமதளத்தில் நிற்க வேண்டும். ஹேண்ட்பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கல் கொடுக்க வேண்டும். இரவு முழுக்க ஆறிய என்ஜினாக இருக்க வேண்டும். முதலில் பாட்டரியின் எர்த் கம்பியைக் கழற்றுவார்கள். ஏன் அதை முதலில்? எர்த் கம்பி காரின் உடம்போடு சேர்ந்தது. அதைக் கழற்றும்போது ஸ்பானர் காரின் உடம்பில் இடித்தாலும் ஒன்றும் ஆகாது. மற்றக் கம்பியை முதலில் கழற்றப் போய் ஸ்பானர் இடித்தால் பெரிய தீப்பொறி பறக்கும்.

அடுத்து, ரேடியேட்டரின் அடியில் இருக்கும் குழாயைத் திறந்து தண்ணீரை ஒரு தட்டில் பிடிக்க வேண்டும். வெறும் தண்ணீராக இருக்காது. கூலண்ட் கலந்திருக்கும். எத்திலின் கிளைக்கால் என்ற பொருள் அதில் உண்டு. துருப்பிடிக்காமல் இருக்க மருந்தும் உண்டு. பாதிக்குப் பாதி கலந்தால் கொதிநிலை சில டிகிரி கூடும். குளிர் நாடுகளில் உறையாமலும் காக்கும். ஆனால் அது விஷம். அதுவும் இனிக்கிற விஷம். நாயும் பூனையும் வந்து நக்கிவிடும். உன் முதல் வேலை இதுதான்: அந்தத் தட்டுக்குக் காவல். கேனில் ஊற்றி இறுக மூடும்வரை அங்கிருந்து நகராதே. சாக்கடையிலோ செடிக்கோ ஊற்றக் கூடாது. ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடலாம்.

பிறகு, அதே பெல்ட்டில் சுற்றி மின்சாரம் தரும் டைனமோவைப் பிடித்திருக்கும் போல்டுகளைத் தளர்த்தி, அதை என்ஜின் பக்கம் தள்ளினால் ஃபேன் பெல்ட் தொளதொளத்துவிடும். பெல்ட்டை எடுத்துவிடலாம். காற்றாடியும் புல்லியும் கழன்று வரும். கை நுழைய இடம் போதாவிட்டால் ரேடியேட்டரையும் கழற்றி ஓரமாக வைப்பார்கள். அடி ஹோஸின் கிளிப்பைத் தளர்த்தி அதையும் உருவ வேண்டும். பழைய ரப்பர் ஒட்டிக்கொண்டு வராது. இழுக்காமல், லேசாகத் திருகித் திருகி எடுக்க வேண்டும்.

இப்போது பம்பு மட்டும் நிற்கிறது. நான்கு போல்டுகள் அதைப் பிடித்திருக்கின்றன.

உன் இரண்டாவது வேலை வந்துவிட்டது. ஓர் அட்டை எடு. பழைய நோட்டு அட்டை போதும். அதில் பம்பின் உருவத்தைப் பென்சிலால் வரை. போல்டுகள் இருக்கும் இடத்தில் துளை போடு. ஒவ்வொரு போல்டாகக் கழன்று வரும்போது, அது எந்த இடத்திலிருந்து வந்ததோ அந்தத் துளையிலேயே செருகு. எதற்கு இவ்வளவு கவனம்? போல்டுகள் எல்லாம் ஒரே நீளமாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. நீளமான போல்ட்டைக் குட்டைத் துளையில் திருகினால் அடியில் முட்டி நின்றுவிடும். கைக்கு இறுகியது போலத் தெரியும். ஆனால் பம்பு இறுகியிருக்காது, தண்ணீர் கசியும். சில நேரம் உலோகமே விரிசல் விடும். பெரிய மெக்கானிக்குகளும் இப்படி அட்டையில் குத்தி வைப்பதுண்டு.

போல்டுகள் வந்த பிறகும் பம்பு அசையாது. நடுவில் இருக்கும் கேஸ்கட் ஒட்டிப்பிடித்திருக்கும். மரச் சுத்தியலால் பக்கவாட்டில் மெல்லத் தட்டினால் விட்டுக்கொடுக்கும். மிச்சம் இருந்த தண்ணீர் கொஞ்சம் கொட்டும், பயப்படாதே.

கேஸ்கட் எதற்கு என்று கேட்கிறாயா? பார்வைக்கு வழவழப்பாக இருக்கும் உலோகத்தைப் பூதக்கண்ணாடியில் பார். மேடும் பள்ளமுமாக இருக்கும். இரண்டு உலோகங்களை எவ்வளவு இறுக்கினாலும் அந்தப் பள்ளங்கள் வழியே தண்ணீர் வழி கண்டுபிடித்துவிடும். நடுவில் மெத்தென்ற கேஸ்கட் வைத்தால் அது நசுங்கி எல்லாப் பள்ளங்களையும் நிரப்பும். பழைய கேஸ்கட்டின் துணுக்கு ஒன்று ஒட்டியிருந்தாலும் புது கேஸ்கட் சரியாக உட்காராது. அதனால் சுரண்ட வேண்டும். என்ஜினின் திறந்த வாயில் ஒரு துணியை அடைத்துவிட்டு, பொறுமையாக, உலோகத்தைக் கீறாமல். மொத்த வேலையில் அதிக நேரம் பிடிப்பது இதுதான். இதில் அவசரப்பட்டால் மற்ற எல்லா உழைப்பும் வீண். எத்தனையோ பேர் புதுப் பம்பு சரியில்லை என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போவார்கள். தப்பு சுரண்டாத இடத்தில் இருக்கும்.

சுரண்டி முடித்ததும் துணியை எடுத்தாயிற்றா என்று சத்தமாகக் கேள். அதுவும் உன் வேலை.

புதுப் பம்பையும் பழைய பம்பையும் பக்கத்தில் பக்கத்தில் வை. துளைகள் ஒன்றுபோல் இருக்கின்றனவா? அச்சின் உயரம் ஒன்றா? உயரம் மாறினால் பெல்ட் கோணலாக ஓடும். எல்லாம் சரியென்றால் கேஸ்கட்டில் லேசாக கிரீஸ் தடவி, பம்பை இடத்தில் வைத்து, நான்கு போல்டுகளையும் முதலில் கையாலேயே திருக வேண்டும். அதற்கப்புறம் ஸ்பானர். ஒரு போல்ட்டை முழுக்க இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகக் கூடாது. எதிரெதிர் மூலைகளாக, கொஞ்சம் கொஞ்சமாக. இல்லாவிட்டால் ஒரு பக்கம் நசுங்கி, எதிர்ப்பக்கம் கேஸ்கட் தூக்கிக்கொள்ளும். பலத்தைக் காட்டும் இடமும் இது இல்லை. வார்ப்பு இரும்பு வளையாது. அளவுக்கு மீறினால் உடைந்துவிடும்.

புல்லி, காற்றாடி, ஹோஸ் எல்லாவற்றையும் வரிசையாகத் திரும்ப மாட்டுவார்கள். பெல்ட்டை மட்டும் கவனி. அதன் நீளமான பகுதியின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் ஏறக்குறைய 13 மில்லிமீட்டர் உள்ளே போக வேண்டும். உன் அளவுகோலை எடுத்துப் பார்த்துச் சொல், மூன்றாவது வேலை. பெல்ட் தொளதொளத்தால் வழுக்கிக் கீச்சிடும், பம்பு சரியாகச் சுற்றாது. விறைப்பாக இருந்தால் அச்சை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டே இருக்கும், பேரிங் சீக்கிரம் தேயும். நல்ல பம்பு இந்த ஒரு காரணத்தாலேயே கெட்டுப்போவது உண்டு.

ரேடியேட்டரின் அடிக் குழாயை மூடிவிட்டு, இனித் தண்ணீர் ஊற்றலாம். எந்தத் தண்ணீர்? போர் தண்ணீர் வேண்டாம். வெந்நீர் போடும் பாத்திரத்தில் வெள்ளையாகப் படியுமே, பார்த்திருக்கிறாயா? அதே உப்பு என்ஜினின் வாய்க்காலிலும் படிந்து வெப்பத்தைப் போகவிடாமல் தடுக்கும். உப்பு நீக்கிய தண்ணீரும் கூலண்டும் கலந்து ஊற்ற வேண்டும். மெதுவாக ஊற்ற வேண்டும். ஏன் மெதுவாக?

காற்று உள்ளே மாட்டிக்கொள்ளக் கூடாது. நீ பாத்திரத்தில் கரண்டியால் சுற்றினாயே, தண்ணீரே இல்லாமல் சுற்றிப் பார், கரண்டிக்கு ஒன்றுமே தெரியாது. காற்று அவ்வளவு லேசு. பம்புக்குள் காற்றுக் குமிழி நின்றுவிட்டால் இம்பெல்லர் சுற்றும், ஆனால் எதையும் தள்ளாது. என்ஜின் உள்ளே வெந்துகொண்டிருக்கும், தண்ணீரோ அசையாது.

அதனால் பாட்டரியை மாட்டி, மூடியைத் திறந்தே வைத்து, என்ஜினை மெதுவாக ஓடவிடுவார்கள். குமிழி குமிழியாகக் காற்று வெளியே வரும். தண்ணீர் மட்டம் இறங்கும். மறுபடி ஊற்றுவார்கள். இந்த நேரத்தில் நீ காருக்கு முன்னால் நிற்காதே. சுற்றுகிற காற்றாடி கண்ணுக்குத் தெரியாது. துப்பட்டா, பின்னல், சட்டை நுனி எதையும் அது விடாது. டிரைவர் சீட்டுப் பக்கம் போய் வெப்பம் காட்டும் முள்ளைப் பார். நான்காவது வேலை. முள் ஏறிக்கொண்டே போய், ஓர் இடத்தில் தயங்கி, லேசாகக் கீழே இறங்கினால் உரக்கச் சொல். மெழுகு உருகித் தெர்மோஸ்டாட் கதவு திறந்துவிட்டது என்று அர்த்தம்! முள் தயங்காமல் சிவப்பை நோக்கிப் போனால் அதையும் உடனே சொல், என்ஜினை அணைத்துவிடுவார்கள்.

இன்னொரு விஷயம். என்ஜின் ஓடினால்தான் பம்பும் ஓடும் என்பது இப்போது மாறிவருகிறது. 2009-இல் வந்த டொயோட்டா பிரியஸ் காரில் பம்புக்கு பெல்ட்டே கிடையாது. மின்சார மோட்டார் அதைச் சுற்றுகிறது. தேவையான வேகத்தில், தேவையான நேரத்தில். என்ஜினே இல்லாத மின்சாரக் கார்கள் பலவற்றிலும் பாட்டரியைக் குளிர்விக்கக் குட்டிப் பம்புகள் இருக்கின்றன. உள்ளே சுழலும் சக்கரம் அதே பாப்பான் காலத்துச் சங்கதிதான்.

மறுநாள் காலை, என்ஜின் நன்றாக ஆறிய பிறகு, மூடியைத் திறந்து தண்ணீர் மட்டம் பார்க்கச் சொல். சற்றுக் குறைந்திருக்கும். இரவில் இன்னும் கொஞ்சம் காற்று வெளியேறியிருக்கும். நிரப்பினால் போதும். காருக்கு அடியில் ஒரு காகிதத்தை விரித்து வைத்திருந்தால் அது காய்ந்து இருக்கிறதா என்று நீயே பார்க்கலாம்.

கழற்றிய பழைய பம்பைத் தூக்கிப் போட விடாதே. நன்றாகக் கழுவித் துடைத்துத் தரச் சொல்லிக் கேட்டு வாங்கு. அச்சைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பார். புதுப் பம்பு இப்படி ஆடாது. மெல்லச் சுற்று. விரல் நுனியில் கரகரப்பு தெரிகிறதா? அடியில் அந்தச் சின்னத் துளையைத் தேடு. அதைச் சுற்றிக் கூலண்ட் காய்ந்த கறை இருக்கும். பின்பக்கம் திருப்பி இம்பெல்லரைப் பார். இறக்கைகள் எத்தனை? ஓரங்கள் துருவில் கரைந்திருக்கின்றனவா? தண்ணீர் எந்த வழியாக உள்ளே வந்திருக்கும், எந்த வழியாக வெளியேறியிருக்கும்? அம்புக்குறி போட்டு நோட்டில் வரைந்து வை. வரைந்து முடித்துவிட்டு, சோப்புப் போட்டுக் கையைக் கழுவு. பம்பை இனிப் பழைய இரும்புக் கடைக்குக் கொடுக்கலாம்.